முதல் மழைக்கு முன்: சாண்டா குரூஸ் வளாகத்தில் சேரும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கிவிடும். விசா, டிக்கெட், அறை வாடகை என்று ஆயிரம் கவலைக்கு நடுவில் நத்தையைப் பற்றி ஒரு மடலா என்று நினைப்பீர்கள். வந்து இறங்கிய வாரத்திலேயே புரிந்துவிடும். டி-ஷர்ட், தண்ணீர்ப் பாட்டில், லேப்டாப் ஸ்டிக்கர் என்று எங்கே திரும்பினாலும் ஓடில்லாத மஞ்சள் நத்தை ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும். அதுதான் பனானா ஸ்லக், நம் வளாகத்தின் சின்னம். இங்கே மாணவர்கள் தங்களையே ‘ஸ்லக்’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

ஆனால் உயிருள்ள ஸ்லக் ஒன்றுகூட அந்த வாரம் கண்ணில் படாது. அக்டோபரிலோ நவம்பரிலோ முதல் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, வகுப்புக்குப் போகும் பாதையில் யாரோ வீசிய வாழைப்பழத் தோல் போல ஒன்று கிடக்கும். கிட்டே போனால் நகரும். அன்றைக்கே யாராவது அதை எடுத்து உங்கள் முகத்துக்கு நேரே நீட்டி, “நக்கிப் பார், அப்போதுதான் நீ அசல் ஸ்லக்” என்று சொல்லவும் கூடும்.

நக்காதீர்கள். அடுத்த ஆண்டு வருகிறவர்களையும் நக்கச் சொல்லாதீர்கள். இந்த மடலின் கோரிக்கை இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான காரணமும், அதைவிட உருப்படியாக என்ன செய்யலாம் என்பதும்.

முதலில் ஸ்லக்கின் உடம்பை மூடியிருக்கும் பிசுபிசுப்பான கோழையைப் பற்றி. ஸ்லக்கின் தோல் கோழையை ஒரேயடியாகத் திரவமாக வடிப்பதில்லை. காய்ந்த நுண்மணிகளாக வெளியே தள்ளுகிறது. ஈரம் பட்டதும் ஒவ்வொரு மணியும் தன் பருமனைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்து உப்பி, வழவழப்பாகிறது. ஊர்ந்து போக, செங்குத்தான மரத்தில் ஒட்டிக்கொள்ள, தோல் காயாமல் காக்க, ஜோடி தேடும் இன்னொரு ஸ்லக்குக்குத் தடம் விட, எல்லாவற்றுக்கும் இந்தக் கோழையே. உயரத்திலிருந்து இறங்க வேண்டுமானால் வால் நுனியிலிருந்து கோழைக் கயிறு விட்டுத் தொங்கியபடி இறங்கும். வாயில் கவ்வ வரும் விலங்கின் நாக்கை மரத்துப்போகச் செய்யும் தன்மையும் இதற்கு உண்டு. நக்குகிறவர்கள் சோதித்துப் பார்ப்பது அதைத்தான்.

நாக்கு மரத்ததும் பதறிப்போய்த் தண்ணீர் குடிக்கிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. வாயில் ஒட்டியிருக்கும் கோழை அந்தத் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு இன்னும் பொங்கும். ஏற்கெனவே நக்கித் தொலைத்தவர் பக்கத்தில் இருந்தால், காய்ந்த காகிதத் துண்டால் நாக்கை அழுத்தித் துடைக்கச் சொல்லுங்கள். நாலைந்து முறை துடைத்துத் துப்பிய பிறகுதான் கொப்பளிக்க வேண்டும். உணர்வு திரும்பும்வரை சூடான காபி, தேநீர் வேண்டாம். மரத்த நாக்கு வெந்தாலும் தெரியாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தப் பிராணியின் சாப்பாடு மக்கிய இலை, காளான், பாசி, செத்த பூச்சி, விலங்குகளின் எச்சம். வளாகம் முழுக்க மான்கள் திரிகின்றன. நீங்கள் நக்கப்போகும் ஸ்லக் சற்று முன்புதான் மான் புழுக்கையில் ஊர்ந்து, அதையே தின்றும் வந்திருக்கலாம். நத்தை, ஸ்லக் வகைகள் ஒட்டுண்ணிகளைச் சுமப்பதும் மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த செய்தி. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு நத்தை வழியாக மனிதருக்கு வந்தால் மூளையுறை அழற்சி உண்டாகிறது. ஹவாயில் இது அவ்வப்போது நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் நண்பர்களின் சவாலுக்காகத் தோட்டத்து ஸ்லக் ஒன்றை விழுங்கிய இளைஞர் பல ஆண்டு படுக்கையில் கிடந்து 2018-இல் இறந்தார். சாண்டா குரூஸ் ஸ்லக்கில் அந்தப் புழு இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. காட்டுப் பிராணியின் கோழை வாய்க்குள் போக வேண்டிய பொருள் இல்லை என்கிறோம், அவ்வளவே.

ஸ்லக்கின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். அதன் தோல் நம் தோல் போல மூடியது இல்லை. அதன் வழியே தண்ணீர் உள்ளேயும் வெளியேயும் போகும். வேறு பொருள்களும் போகும். கையில் சன்ஸ்கிரீன், சானிடைசர், கொசு விரட்டி, சிப்ஸ் தின்ற உப்பு இவற்றில் ஒன்றாவது இல்லாத கல்லூரி மாணவரைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு ஸ்லக் நாலு பேர் கை மாறினால் இத்தனையும் அதன் மேல் ஏறிவிடும். பயந்த ஸ்லக் தற்காப்புக்காகக் கோழையைக் கொட்டும். கோழை என்றால் தண்ணீர். அத்தனையும் அதன் உடம்பிலிருந்து போகிறது.

சரி, தொடாமல் என்ன பார்ப்பது? நிறைய இருக்கிறது. பாதையோரமாகக் குந்தி உட்கார்ந்து, அது ஊர்ந்து போகும் திசையை வைத்து அதன் வலப்பக்கம் எது என்று முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். தலைக்குப் பின்னால் முதுகில் சேணம் போட்டது போன்ற வழுவழுப்பான பகுதி தெரியும். அதன் வலது விளிம்பில் ஒரு துளை. மூடியிருந்தால் வெறும் மடிப்பு போலத்தான் இருக்கும். அசையாமல் காத்திருந்தால் மெல்லத் திறந்து வட்டமாகும், உள்ளே இருட்டாகத் தெரியும், பிறகு மூடிக்கொள்ளும். அதுதான் மூச்சுத்துளை. ஒரே ஒரு நுரையீரல், ஒரே ஒரு வாசல். காற்று காய்ந்திருந்தால் அதிக நேரம் மூடியே வைத்திருக்கும், ஈரம் வெளியேறிவிடுமே. தலையில் இரண்டு ஜோடி உணர்கொம்புகள். மேல் ஜோடியின் நுனியில் கண். வெளிச்சம், இருட்டு, நிழலின் அசைவு தெரிய அது போதும். உங்கள் நிழல் மேலே விழுந்தால் உடனே உள்ளிழுத்துக்கொள்ளும். தரையைத் தடவியபடி போகும் கீழ் ஜோடி வாசனைக்கும் ருசிக்கும். காளானைத் தின்னும்போது பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்: அதன் நாக்கில் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் அரம் போல வரிசையாக இருக்கின்றன, தின்று முடித்த காளான் குடையில் சுரண்டிய தடம் தெளிவாகத் தெரியும்.

எங்கே தேடுவது என்றால், மெக்ஹென்றி நூலகத்தைச் சுற்றி, சயன்ஸ் ஹில் சரிவில், மேல் வளாகத்துப் பாதைகளில், ஓடைப் பள்ளங்களைக் கடக்கும் நடைபாலங்களின் இரு முனைகளில். ரெட்வுட் மரத்தடியில் வாள்பெரணியும் புளியாரை இனச் செடியும் பச்சைப் பாயாகப் படர்ந்திருக்கும் இடங்களில் காலை 9 மணிக்கு முன்பு பாருங்கள். கல்லின் மேல் வெள்ளிக்கோடு மின்னினால் பக்கத்தில்தான் இருக்கிறது. கிரேட் மெடோ புல்வெளியில் தேடிப் பயனில்லை. வெயில் அதிகம், நிழல் இல்லை. குனிவதற்கு முன் மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஓக் செடி காலடியில் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சேங்கொட்டையின் குடும்பம்தான் அதுவும். அதன் எண்ணெய் பட்டால் அதே மாதிரி கொப்பளிக்கும். பட்டுவிட்டால் எண்ணெய் போகும்வரை சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டு உடனே கழுவ வேண்டும்.

மலைப்பக்கம் அட்டை பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வால்பாறையிலோ கொடைக்கானலிலோ அட்டை ஏறினால் உப்பைத் தேடும் கை இங்கேயும் உப்பைத் தேடும். இது அட்டை இல்லை. கடிக்காது, இரத்தம் குடிக்காது, காலில் ஏறாது. உப்பு போட்டால் தோல் வழியே தண்ணீர் முழுக்க இழுக்கப்பட்டு, வெகுநேரம் துடித்துச் சாகும்.

அதன் வேகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். 3 மீட்டர் அகலமுள்ள நடைபாதையைக் கடக்கச் சுமார் 19 நிமிடம் பிடிக்கும்; 6 மீட்டர் அகலமுள்ள சர்வீஸ் ரோடு என்றால் அரை மணி நேரத்துக்கு மேல். வகுப்பு விட்டுக் கூட்டம் மொத்தமாக நடக்கும் நேரம் அதற்குள் ஒரு முறையாவது வந்துவிடும். மழை நாள் காலையில் நசுங்கிக் கிடக்கும் ஸ்லக்குகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்கும், போனைப் பார்த்துக்கொண்டே நடப்பவர்களின் ஷூவுக்கும் பலியானவை. சரிவுகளில் சைக்கிளில் இறங்குகிறவர்கள் மழை விட்ட காலையில் பாதையின் நடுவிலேயே ஓட்டுங்கள், ஓரத்து இலைக்குவியலில் ஏற்றாதீர்கள்.

பாதையில் இருப்பதை ஓரமாக விடுவதற்கும் ஒரு முறை உண்டு. கையால் பிடித்து இழுக்கக் கூடாது. அடிப்பக்கம் முழுவதுமே அதன் பாதம். தரையோடு ஒட்டியிருக்கும்போது இழுத்தால் தோல் கிழியும். அகலமான ஈர இலை ஒன்றையோ நனைந்த மரப்பட்டையையோ தலைக்கு முன்னால் தரையோடு தரையாக வையுங்கள். அதுவாகவே ஏறும். ஏறவில்லை என்றால் வால் பக்கம் இன்னொரு இலையால் லேசாகத் தொட்டால் போதும். முக்கால் உடம்பு ஏறியதும் தூக்கி, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்தில், பெரணியின் அடியில் வைத்துவிடுங்கள். வந்த பக்கத்திலேயே விட்டால் திரும்பவும் அதே பாதையைக் கடக்கக் கிளம்பும். புதருக்குள் வீசவும் கூடாது. இரண்டு ஸ்லக்குகள் வளைந்து ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தால் எதுவுமே செய்யாதீர்கள், அது பல மணிநேர வேலை. ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் இரண்டும் கொடுக்கும், இரண்டும் வாங்கும். சில சமயம் பிரிய முடியாமல் ஒன்று மற்றதன் ஆணுறுப்பைக் கடித்துத் துண்டித்துவிடும். சீனியர்கள் உங்களுக்குச் சொல்லப்போகும் முதல் ஸ்லக் கதை இதுதான். நம்ப முடியாவிட்டாலும் உண்மை.

கையில் கோழை பட்டுவிட்டால் குழாயைத் திறக்கப் போகாதீர்கள். தண்ணீர் விட்டால் பெருகும் என்று மேலே சொன்னோமே. இரண்டு உள்ளங்கையையும் காய்ந்தபடியே தேயுங்கள். கோழை அழுக்குருண்டையாகத் திரளும். அதை உதிர்த்துவிட்டு, காகிதத் துண்டால் துடைத்துவிட்டு, கடைசியாக வெந்நீரும் சோப்பும். பிசுபிசுப்பு இன்னும் மிச்சமிருந்தால் சமையலறை வினிகர் கொஞ்சம் போதும்.

இந்த வளாகத்தில் ஒரு பழைய வழக்கமும் உண்டு. பருவத்தின் முதல் பெருமழை இரவில் போர்ட்டர் கல்லூரிப் பக்கமிருந்து மாணவர்கள் கூட்டமாக, பெரும்பாலும் உடையில்லாமல், மழையில் ஓடுவார்கள். ஓடுவதும் ஓடாததும் உங்கள் இஷ்டம், வீட்டில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் சாமர்த்தியம். ஆனால் மாதக்கணக்கில் இலைக்கடியில் சுருண்டு கிடந்த ஸ்லக்குகள் வெளியே வருவதும் இதே இரவில்தான். எனவே ஓடுகிறவர்கள் தார்ச்சாலையிலும் சிமெண்ட் பாதையிலும் ஓடுங்கள். மரங்களுக்கு நடுவே குறுக்குவழி வேண்டாம். வெறுங்காலில் ஸ்லக்கை மிதித்தால் வழுக்கி விழுவது நீங்கள்தான், சாவது அது.

இவ்வளவு பாடுபட வேண்டிய ஒன்றை ஏன் சின்னமாக வைத்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. வளாகம் 1965-இல் திறந்தது. அதற்கு முன் இது கவல் குடும்பத்தின் பண்ணை, சுண்ணாம்புச் சூளைகள் இருந்த இடம். சூளைக்கு விறகாகவே இந்த மலையின் ரெட்வுட் மரங்கள் வெட்டப்பட்டன. இன்று நீங்கள் அண்ணாந்து பார்க்கும் மரங்களில் பெரும்பாலானவை அந்த அடிமரங்களிலிருந்து துளிர்த்த இரண்டாம் தலைமுறை. அந்த நிழலில் இலைமக்கைத் தின்று, காளான் வித்துகளையும் செடி விதைகளையும் எச்சத்தோடு பரப்பி வாழ்வது இந்த ஸ்லக். ஆரம்ப காலத்து மாணவர்களுக்கு இங்கே மதிப்பெண்ணுக்குப் பதில் எழுத்தில் மதிப்பீடு தந்தார்கள். போட்டி விளையாட்டின் ஆர்ப்பாட்டத்தை அவர்கள் விரும்பவில்லை. புலி, சிங்கம், கழுகு என்று மற்றவர்கள் வைத்துக்கொண்டபோது, கேலியும் கொள்கையுமாக அவர்கள் ஸ்லக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

1980-களின் தொடக்கத்தில் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவில் வளாகம் சேர்ந்தபோது, கௌரவமாக ஏதாவது வேண்டும் என்று கடற்சிங்கத்தை அதிகாரபூர்வச் சின்னமாக்கினார்கள். மாணவர்கள் சட்டை செய்யவே இல்லை. மைதானத்தில் ஸ்லக் என்றே கத்தினார்கள். 1986-இல் வாக்கெடுப்பு நடந்தது. 15-க்கு 1 என்ற கணக்கில் ஸ்லக் வென்றது. அப்போதைய வேந்தர் ராபர்ட் சின்ஷைமர் தயங்கித் தயங்கிக் கடைசியில் ஒப்புக்கொண்டார். மாணவர்கள் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய சின்னம் இது. கடையில் டி-ஷர்ட் விற்பதற்காக யாரோ வரைந்து கொடுத்தது இல்லை. 2024-இல் கலிஃபோர்னியா மாநிலமும் சட்டம் போட்டு இதை மாநிலத்தின் ஸ்லக் ஆக்கிவிட்டது. டி-ஷர்ட்களில் ‘இதை வேட்டையாடும் விலங்கே இல்லை’ என்ற பொருளில் ஒரு வாசகம் பார்ப்பீர்கள். நல்ல முழக்கம், ஆனால் பொய். ரக்கூன் இதை மண்ணில் உருட்டிக் கோழையைப் போக்கிவிட்டுத் தின்னும்; கார்ட்டர் பாம்பு, வாத்து, பெரிய சலமாண்டர் எல்லாமே தின்னும்.

வளாகத்துக்கு வெளியே வீடு எடுத்துத் தங்கப்போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. கொல்லையில் கீரை, கொத்தமல்லி போட்டால் நாற்றை ஏதோ தின்றுவிடும். உடனே கடையில் நீல நிற உருண்டை மருந்தை வாங்கித் தூவாதீர்கள். அதில் பெரும்பாலும் மெட்டால்டிஹைடு இருக்கும். ஸ்லக் சாவது மட்டுமல்ல, பக்கத்து வீட்டு நாய் தின்றாலும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து. நாற்றைத் தின்றது பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய சாம்பல் நிறச் சின்ன ஸ்லக்காக இருக்கும். மருந்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. இரும்புப் பாஸ்பேட் கலந்த மருந்து நாய்க்கு அவ்வளவு ஆபத்து இல்லை என்றாலும் தின்கிற எந்த ஸ்லக்கையும் அதுவும் கொல்லும். காட்டோரத்து வீட்டில் இரண்டுமே வேண்டாம். மாலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் காலையில் ஊற்றுங்கள். இரவில் மண் மேலாகக் காய்ந்திருந்தால் ஸ்லக் வரத்து தானாகவே குறையும். தொட்டியின் விளிம்பில் செப்புப் பட்டை சுற்றுங்கள். இலை எதுவும் பட்டையைத் தாண்டித் தரையைத் தொடக் கூடாது, தொட்டால் அதுவே பாலமாகிவிடும். இருட்டிய பிறகு டார்ச் அடித்துச் சாம்பல் நிறத்தவற்றைப் பொறுக்கிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது.

செப்டம்பரில் வந்ததும் ஆர்வக்கோளாறில் மரக்கட்டைகளைப் புரட்டித் தேடாதீர்கள். கோடையில் மழை கிடையாது. கடலிலிருந்து வரும் மூடுபனியை ரெட்வுட் இலைகள் வடித்துச் சொட்டும் ஈரம்தான். அது போதாத நாட்களில் ஸ்லக் தன்னைக் கோழையாலும் இலைத்தூளாலும் போர்த்திக்கொண்டு கட்டையின் அடியில் உறங்கும். கட்டையைப் புரட்டி வெளிச்சத்தில் போட்டுவிட்டால் அன்றே காய்ந்துவிடும். தெரியாமல் புரட்டிவிட்டால் இருந்த பள்ளத்திலேயே, இருந்த பக்கமாகவே திருப்பி வையுங்கள். பாட்டிலில் அடைத்து அறைக்குக் கொண்டுவருவதும் வேண்டாம். ஹீட்டர் போட்ட அறை அதற்கு அடுப்பு. வளாகத்து இயற்கைக் காப்புப் பகுதியிலிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுத்துவரவும் கூடாது.

எடுப்பதென்றால் படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, மூச்சுத்துளை தெரியும்படி வலப்பக்கமிருந்து ஒன்று, பக்கத்தில் ஒரு பேனா வைத்து அளவுக்கு ஒன்று. ஃபிளாஷ் வேண்டாம், கோழை வெள்ளையாகத் தெறித்துப் படம் வீணாகும். பார்த்த உயிரினங்களைப் பதிந்து இனம் கண்டறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் நாளும் இடமும் சேர்த்து ஏற்றுங்கள். முழு மஞ்சளாக, புள்ளியில்லாமல் இருந்தால் இந்தப் பகுதிக்கே உரிய டோலிகோஃபாலஸ் என்ற இனம் என்று செயலி சொல்லக்கூடும். நிறம் ஈரத்துக்கும் தீனிக்கும் ஏற்ப மாறும். இனங்களை உறுதியாகப் பிரித்தறிய உள்ளுறுப்பைப் பார்க்க வேண்டும், அது வெளியிலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. அதனால் ‘ஏரியோலிமாக்ஸ்’ என்ற பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சாண்டா குரூஸ் வளாகத்துத் தமிழ் மாணவர்கள், பணியாளர்கள் சிலர்